செங்கல்லும் கறுப்புப் பூனையும்: ஓவியர் ஜார்ஜ் ஹெரிமனின் வாழ்வும் கலையும்

செய்தித்தாளின் ஆயுள் ஒரே நாள். காலையில் கண்ணுக்கு விருந்தாவது மாலையில் கடலைப் பொட்டலமாகி விடும். அத்தாளில் இடம்பெறும் சித்திரத் தொடருக்கோ அந்த ஒரு நாள் மதிப்புங்கூட முழுமையாகக் கிட்டுவதில்லை. தலையங்கம் படிப்போர் அதனைச் சிறுவர்க்குரியது என்று ஒதுக்குவர். அவ்வாறு ஒதுக்கப்பட்ட மூலையில் இருந்துகொண்டே, ஒரு பூனை, ஒரு சுண்டெலி, ஒரு நாய் ஆகிய மூன்று உயிர்களைத் திரும்பத் திரும்ப வரைந்து, அமெரிக்கக் கலை வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவர் ஜார்ஜ் ஹெரிமன். அவர் வரைந்த தொடரின் பெயர் 'கிரேசி கேட்'. கிறுக்குப் பூனை என்பது அதன் பொருள்.

ஹெரிமன் தம் வாழ்நாள் முழுதும் ஒரு செய்தியை மறைத்து வாழ்ந்தார். அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது வெளியுலகுக்குத் தெரிந்தது. தெரிந்த பின், பழைய படங்களைப் புதுக்கண் கொண்டு படிக்கும் நிலை உண்டாயிற்று. வாயால் சொல்ல இயலாத ஒன்றைக் கலைஞனின் கை எவ்வளவு தூரம் சொல்லிவிட முடியும் என்பதை ஆராய்வோர்க்கு இவர் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

பிறந்த குடி

ஹெரிமன் 1880ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், லூயிசியானா மாநிலத்தைச் சேர்ந்த நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் தையற்றொழில் செய்தவர். அவர்களுடைய குடும்பம் 'கிரியோல்' எனப்படும் கலப்பினக் குடியைச் சேர்ந்தது. பிரெஞ்சியரும் ஸ்பானியரும் அந்நிலத்தை ஆண்ட காலத்தில், ஐரோப்பிய மரபும் ஆப்பிரிக்க மரபும் கலந்து தோன்றிய குடி அது. அமெரிக்கத் தெற்குப் பகுதியில் அடிமை முறை கொடிகட்டிப் பறந்த நாளிலேயே அக்குடியினருள் பலர் அடிமைத்தளை இல்லாதவராய் வாழ்ந்தனர். கைத்தொழிலில் தேர்ந்தவர், கத்தோலிக்க சமயத்தினர், பிரெஞ்சு மொழியைத் தம் வீட்டு மொழியாகப் போற்றியவர்.

இத்தகைய மக்களுக்கு 1890ஆம் ஆண்டு ஒரு பேரிடி விழுந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனி இரயில் பெட்டிகளிற் பயணம் செய்யவேண்டும் என்று லூயிசியானா அரசு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தை எதிர்க்கத் துணிந்து, 1892ஆம் ஆண்டு வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்து கைதானவர் ஹோமர் பிளெசி. அவரும் அதே நகரத்துக் கிரியோல் குடியினரே. காலணி செய்யும் தொழிலாளர். பார்வைக்கு வெள்ளையராகவே தோன்றியவர். எனினும், அவருடைய முன்னோருட் சிலர் ஆப்பிரிக்கர் என்ற ஒன்றே அவரைக் குற்றவாளியாக்கப் போதியதாயிற்று. பிரித்து வைத்தாலும் வசதி சமமாக இருப்பின் குற்றமில்லை என்று 1896ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1898ஆம் ஆண்டின் புதிய அரசியல் சட்டமோ, லூயிசியானாவின் கறுப்பின மக்களுட் பெரும்பாலோரின் வாக்குரிமையையும் பறித்துவிட்டது.

ஹெரிமன் குடும்பத்தார் 1890ஆம் ஆண்டையொட்டி ஊரைவிட்டுப் புறப்பட்டு, மேற்குக் கடற்கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரிற் குடியேறினர். அங்கு அவர்களை அறிந்தவர் இலர். தோலின் நிறம் வெளிறியிருந்தமையால், அவர்கள் வெள்ளையர் என்றே கொள்ளப்பட்டனர். நிறக்கோட்டைக் கடந்து மறுபுறம் செல்லும் இவ்வழக்கம் அந்நாளில் அரிதன்று. ஊர்விட்டு ஊர் சென்று, பழைய உறவை அறுத்துக்கொண்டு, புதிய மனிதராய் வாழ்வதே அதன் விலை. நியூ ஆர்லியன்ஸ் பிறப்புப் பதிவேட்டில் 'நிறத்தவர்' என்று குறிக்கப்பட்ட சிறுவன், லாஸ் ஏஞ்சலஸ் நகரக் கத்தோலிக்கப் பள்ளியில் வெள்ளைச் சிறுவனாகப் பயின்று வெளிவந்தான்.

பத்திரிகைத் தொழில்

1897ஆம் ஆண்டில் 'லாஸ் ஏஞ்சலஸ் ஹெரால்டு' செய்தித்தாளின் அச்சுக்கட்டை செதுக்கும் பிரிவில் ஹெரிமன் உதவியாளராகச் சேர்ந்தார். 1900ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் அவரை ஈர்த்தது. சரக்கு இரயிலில் ஏறி அங்குச் சென்றார். கோனித் தீவின் கேளிக்கைத் திடலில் விளம்பரப் பலகைகளுக்கு வண்ணம் தீட்டியும், வேடிக்கை பார்க்க வருவோரைக் கூவி அழைத்தும் வயிறு வளர்த்தார். 1901 முதல் அவருடைய சித்திரங்கள் பத்திரிகைகளில் வெளிவரலாயின.

அப்பொழுது நியூயார்க்கில் ஜோசப் புலிட்சர், வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் என்ற இரு பத்திரிகை அதிபர்கள் ஒருவரையொருவர் விழுத்தப் போராடிக்கொண்டிருந்தனர். ஞாயிற்றுக்கிழமைச் சித்திரப் பக்கம் அப்போரில் வலிய படைக்கலமாயிற்று. பல நாடுகளிலிருந்து வந்து குவிந்த தொழிலாளர்களுள் ஆங்கிலம் சரளமாய்ப் படிக்க இயலாதாரும் படத்தைப் பார்த்துச் சிரிக்க முடியுமன்றோ? அதனால் சித்திரக்காரர்களுக்குத் தேவை பெருகியது.

1902ஆம் ஆண்டில் புலிட்சரின் தாளில் ஹெரிமன் வரைந்த ஒரு தொடர் கருதத்தக்கது. 'மியூசிக்கல் மோஸ்' என்பது அதன் பெயர். அதில் வரும் கறுப்பின இசைவாணன், பிழைப்புக்காக வேற்றினத்தான் போல வேடமிட்டு இசைக்கிறான். குட்டு வெளிப்பட்டதும் அடிபடுகிறான். கறுப்பினத்தவரை இழிவாகத் தீட்டும் அக்காலத்து வரைமுறையையே ஹெரிமனும் இதிற் கையாண்டுள்ளார். பிற்காலத்திலும் இக்குறை அவர் படங்களில் ஆங்காங்கே உண்டு. ஆயினும், படத்தை வரைந்தவர் தாமே வேடத்தில் வாழ்ந்தவர் என்பதை அறிந்தபின் அந்நகைச்சுவை கசக்கத் தொடங்குகிறது.

அதே 1902ஆம் ஆண்டில் ஹெரிமன் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு வெள்ளை இன மங்கையை மணந்தார். இருவர் மகளிர் பிறந்தனர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வதைக் கலிபோர்னியா மாநிலச் சட்டம் அப்போது தடுத்திருந்தது. அத்தடை 1948ஆம் ஆண்டிலேயே நீங்கியது. ஆகவே, அவருடைய பிறப்புப் பதிவேடு யார் கையிலேனும் சிக்கியிருப்பின், வேலையும் நட்பும் மட்டுமன்றி இல்லறமே சட்டத்தின் முன் செல்லாததாகியிருக்கும். மறைத்தது வீண் பகட்டுக்காக அன்று என்பதை இச்சட்டமே தெளிவாக்கும்.

உடன் பணியாற்றிய ஓவியர்கள், சுருள்முடியும் மாநிறச் சாயலும் உடைய அவரைக் 'கிரேக்கர்' என்று வேடிக்கையாக அழைத்தனர். அவரும் அதனை மறுத்தாரல்லர். எஞ்சியிருக்கும் புகைப்படங்கள் பலவற்றில் அவர் தொப்பியணிந்தே காட்சி தருகிறார்.

பூனை பிறந்த கதை

1910ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹெர்ஸ்டின் நியூயார்க் மாலைத் தாளில் 'டிங்பாட் குடும்பம்' என்ற தொடரை ஹெரிமன் தொடங்கினார். மாடிக் குடித்தனக்காரரோடு ஓயாது மல்லுக்கு நிற்கும் ஒரு குடும்பத்தின் கதை அது. படத்தின் அடியில் சிறிது இடம் வெறுமையாக எஞ்சியது. அதனை நிரப்பும் பொருட்டு, வீட்டுப் பூனையையும் ஒரு சுண்டெலியையும் அங்கே ஓடவிட்டார். ஜூலை 26ஆம் நாள் வெளிவந்த படத்தில் சுண்டெலி ஒரு பொருளை எடுத்துப் பூனையின் தலைமேல் வீசியது. ஒரு கலைப்படைப்பின் வித்து இங்ஙனம் வெற்றிடத்தில் விழுந்தது.

அதற்கு மூன்று வாரத்திற்கு முன், ஜூலை 4ஆம் நாள், ரீனோ நகரில் நடந்த குத்துச்சண்டையில் கறுப்பின வீரர் ஜாக் ஜான்சன், வெள்ளை இன முன்னாள் வீரர் ஜிம் ஜெஃப்ரிசை வீழ்த்தியிருந்தார். அச்செய்தி கேட்டு அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கலகம் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அப்போட்டியைப் பற்றி ஹெரிமனும் சித்திரங்கள் வரைந்திருந்தார். எளியது வலியதைத் தாக்கும் இந்த எலிப்படம் அச்சூழலின் விளைவு என்று துணிந்து கூறச் சான்றில்லை. எனினும், யார் வலியர், யார் எளியர் என்ற கேள்வி நாடெங்கும் கொதித்துக்கொண்டிருந்த வேளையிலே அது பிறந்தது என்பது மறுக்க இயலாத உண்மை.

1913ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் 'கிரேசி கேட்' தனித் தொடராயிற்று. 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் முதல் வார இறுதியில் முழுப் பக்கமும் அதற்குக் கிடைத்தது. அப்பக்கம் வண்ணச் சித்திர இணைப்பில் வராமல், கலையும் நாடகமும் பற்றிய பகுதியிலே வெளிவந்தது குறிப்பிடத்தக்கது. 1935ஆம் ஆண்டிலிருந்து அது நிலையாக வண்ணத்தில் அச்சாயிற்று.

மூவர் நாடகம்

கதை மிக எளியது. பூனை எலியை நேசிக்கிறது. இக்னாட்ஸ் என்னும் அச்சுண்டெலியோ மனைவி மக்களோடு வாழ்வது. பூனையை அறவே வெறுப்பது. செங்கற் சூளைக்காரனான கோலின் கெல்லி என்னும் நாயிடம் செங்கல் வாங்கிப் பூனையின் மண்டையைக் குறிபார்த்து எறிவதே அதன் வாழ்நாள் வேலை. செங்கல் தலையில் படுந்தோறும் பூனை மகிழ்கிறது. காதலுக்கு அடையாளமாக அதனைக் கொள்கிறது. காவலர் பப் என்னும் நாய் பூனைமேல் சொல்லாத காதல் கொண்டது. சட்டத்தின் காவலனாய் நின்று எலியைச் சிறையில் அடைப்பது அதன் கடமை.

தமிழ் இலக்கணம் கைக்கிளை என வகுத்த ஒருதலைக் காமம் இங்கே இரண்டாகப் பின்னிக் கிடப்பதைக் காணலாம். பூனையின் அன்பு எலியைச் சேரவில்லை. நாயின் அன்பு பூனையைச் சேரவில்லை. ஆயினும் மூவரும் ஒருவரையொருவர் விட்டு விலக மாட்டார். எறிந்த எலிக்கு அது வஞ்சம்; தடுக்க வந்த நாய்க்கு அது குற்றம்; ஏற்ற பூனைக்கு அது பரிசு. செங்கல் ஒன்றே, பொருள் மூன்று. பண்டை எகிப்தில் ஓர் எலி தன் காதலிக்குச் செங்கல்லில் மடல் வரைந்து எறிந்ததாக ஒரு முன்கதையையும் ஹெரிமன் புனைந்திருக்கிறார். அவ்வழக்கம் மறந்துபோய், எறிதல் மட்டும் எஞ்சியதாம்!

பூனை ஆணா, பெண்ணா என்றும் அவர் வரையறுத்தாரில்லை. ஒரு நாள் ஆண்பாலாகவும் மறுநாள் பெண்பாலாகவும் அது சுட்டப்படுகிறது. அது ஒரு தேவதை போன்றது, பாற்பிரிவுக்கு அப்பாற்பட்டது என்பதே அவர் கருத்து.

கதை நிகழும் இடம் கொக்கொனினோ. அரிசோனா மாநிலத்தில் அப்பெயருடைய மாவட்டம் உண்மையாகவே உண்டு. ஹெரிமன் அடிக்கடி சென்று தங்கியது நவஹோ மக்கள் வாழும் மானுமென்ட் வேலி என்ற பாலைப் பகுதியில். செந்நிறப் பாறைகள் தூண்கள் போல் நிற்கும் அந்நிலத்தின் வடிவங்களும், நவஹோ மக்கள் நெய்யும் கம்பளக் கோலங்களும் அவர் படங்களில் நிறைந்துள்ளன. அப்படங்களில் ஒரு புதுமை உண்டு. பாத்திரங்கள் நின்ற இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்க, பின்னணி மட்டும் கட்டத்துக்குக் கட்டம் மாறும். பாறை மரமாகும், மரம் தொட்டிச் செடியாகும், பகல் இரவாகும். நிலம் நிலையானது, மனிதர் மாறுபவர் என்னும் பொதுக்கருத்தை அவர் தலைகீழாக்கினார்.

மொழியின் விளையாட்டு

தமிழாசிரியர்கள் சிறப்பாக நோக்கத்தக்கது ஹெரிமனின் மொழி. பூனை பேசுவது இலக்கண ஆங்கிலமன்று. நியூயார்க் தெருக்களில் யூதர் பேசிய யித்திய மொழியின் சாயல், தென்மேற்கு மாநிலங்களின் ஸ்பானியம், பிரெஞ்சுச் சொற்கள், நூல்வழக்கான பழஞ்சொற்கள் ஆகிய யாவும் அதிற் கலந்துள்ளன. எழுத்துக்கூட்டு செவிக்குக் கேட்டவாறே அமைந்தது. கண்ணாற் படிப்பதினும் வாய்விட்டுப் படித்தாலே பொருள் விளங்கும். பல இன மக்கள் ஒரே வீதியில் தத்தம் ஒலியோடு ஆங்கிலம் பேசிய ஒரு நாட்டின் உயிருள்ள ஓசை அது.

1918ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த ஒரு படத்தில், மொழி எதற்காக உள்ளது என்று பூனை வினவுகிறது. ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்காக என்று எலி விடையளிக்கிறது. தொலைநாட்டார் சிலரைப் பெயர் குறித்து, அவர்கள் பேச்சு உனக்குப் புரியுமா, உன் பேச்சு அவர்களுக்குப் புரியுமா என்று பூனை அடுக்கிக் கேட்கிறது. இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. அப்படியானால், ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்வதற்கே மொழி ஏற்பட்டது என்று பூனை முடிவு கூறுகிறது. நகைச்சுவையாகத் தோன்றும் இவ்வுரையாடல், செங்கல்லைக் காதலாகப் படிக்கும் அதே பூனையின் வாயில் வருவதால் ஆழம் பெறுகிறது. தவறாகப் புரிந்துகொண்டதாற்றான் அப்பூனை இன்பமாக வாழ்கிறது!

1921ஆம் ஆண்டின் ஞாயிற்றுப் பக்கம் ஒன்று மேலும் கூர்மையானது. கறுப்புப் பூனை ஒப்பனை நிலையம் சென்று உடல் முழுதும் வெள்ளையாகி வெளியே வருகிறது. அதனை இன்னாரென்று அறியாத எலி கண்டதுமே காதல் கொள்கிறது. அடையாளம் தெரிந்ததும் வழக்கம்போல் செங்கல் பறக்கிறது. உயிர் அதுவே, உள்ளம் அதுவே. மாறியது நிறம் ஒன்றே. அப்பக்கத்தைப் படித்துச் சிரித்த வாசகர்க்கு, அதனை வரைந்தவர் எந்தக் குடியிற் பிறந்தவர் என்பது தெரியாது.

புகழும் தனிமையும்

அறிஞர் பாராட்டு அவருக்கு வாழுநாளிலேயே வாய்த்தது. இசைவாணர் ஜான் ஆல்டன் கார்ப்பென்டர் அமைத்த 'கிரேசி கேட்' நாட்டியம் 1922ஆம் ஆண்டு நியூயார்க் மேடையேறியது. அதற்குக் கதையும் காட்சித் திரையும் அமைத்தவர் ஹெரிமனே. 1924ஆம் ஆண்டில் திறனாய்வாளர் கில்பர்ட் செல்டெஸ் தம் நூலொன்றில் இத்தொடருக்கென ஓர் இயலை ஒதுக்கி, அமெரிக்கா அன்று படைத்த கலைகளுள் முதன்மையானதாக இதனைப் போற்றினார். செய்தித்தாட் சித்திரம் ஒன்றை உயர்கலையோடு வைத்து எண்ணிய இத்துணிவு அக்காலத்தில் புதியது.

பொதுமக்களிடமோ நிலைமை வேறு. பலருக்கு இத்தொடர் விளங்கவில்லை. அதனை நிறுத்த முனைந்த பத்திரிகை ஆசிரியர்கள் பலர். முதலாளியான ஹெர்ஸ்டு மட்டும் அதன்பால் நீங்காத பற்றுடையவர். வாழ்நாள் ஒப்பந்தம் அளித்து, வாரம் 750 டாலர் ஊதியமும் தந்தார். பரபரப்புச் செய்திகளால் பொருளீட்டியவர் என்று பழிக்கப்பட்ட ஒரு முதலாளி, இலாபம் தராத கலையொன்றைத் தம் நிழலில் வளர்த்தது வரலாற்றின் விந்தையாகும். ஹெரிமனின் இறுதிக் காலத்தில் ஏறத்தாழ 35 செய்தித்தாள்களே அத்தொடரை வெளியிட்டு வந்தன.

1922ஆம் ஆண்டு முதல் ஹெரிமன் ஹாலிவுட் பகுதியில் வாழ்ந்தார். கூச்ச இயல்பினர், விலங்குகளிடத்து இரக்கமுடையவர். வீட்டில் நாய்களும் பூனைகளும் நிறைந்திருந்தன. 1931ஆம் ஆண்டு மனைவியார் கார் விபத்தில் இறந்தார். 1939ஆம் ஆண்டு இளைய மகளும் மறைந்தார். கைமூட்டு வலியாலும் தலைவலியாலும் துன்புற்றபோதிலும் தொடர் நிற்கவில்லை. இக்காலத்துப் படங்களில் கோடு தடித்தும் நடுக்கமுற்றும் காணப்படினும் வண்ணம் மிக ஒளி பெற்றுள்ளது.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அவர் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி, உடற்சாம்பல் மானுமென்ட் வேலியிற் காற்றில் தூவப்பட்டது. ஓவியர் ஒருவர் இறந்தால் வேறொருவரைக் கொண்டு தொடரை நடத்துவது பத்திரிகை வழக்கம். கிரேசி பூனைக்கு மாற்றுக் கை இல்லை என்று ஹெர்ஸ்டு முடிவு செய்தார். ஜூன் 25ஆம் நாள் கடைசி ஞாயிற்றுப் பக்கம் வெளிவந்தது. நீரில் மூழ்கிய பூனையைக் காவலர் பப் கையில் ஏந்திச் செல்லும் காட்சியோடு அது முடிகிறது.

இரு ஆவணங்கள்

ஹெரிமனின் இறப்புச் சான்றிதழ் அவரை வெள்ளை இனத்தவர் எனக் குறிக்கிறது. 1971ஆம் ஆண்டில் சமூகவியல் அறிஞர் ஆர்தர் ஆசா பெர்கர், வாழ்க்கை வரலாற்று அகராதி ஒன்றிற்குக் கட்டுரை எழுதும் பொருட்டு நியூ ஆர்லியன்சிலிருந்து பிறப்புச் சான்றிதழை வருவித்தார். அதில் 'நிறத்தவர்' என்ற குறிப்பு இருந்தது. மறுஆண்டே, கறுப்பின எழுத்தாளர் இஷ்மேல் ரீட் தம் நாவலொன்றை ஹெரிமனுக்குக் காணிக்கையாக்கினார். 2016ஆம் ஆண்டில் மைக்கேல் டிசரண்ட் வெளியிட்ட விரிவான வரலாற்று நூல், குடும்பத்தின் கிரியோல் வேர்களை ஆவணங்களின் துணைகொண்டு நிறுவியது.

இது கொண்டு, பூனை என்றால் கறுப்பினத்தவர், எலி என்றால் வெள்ளையர், செங்கல் என்றால் கொடுமை என்று விடுகதைக்கு விடை சொல்வது போலப் பொருள் காண்பாரும் உளர். அங்ஙனம் குறுக்கினால் படைப்பு சிறுத்துவிடும். காதல், காலம், நிலம், மொழி ஆகிய யாவும் அதில் உள்ளன. ஆனால் நிறத்தை நீக்கி அதனைப் படித்தலும் இனி இயலாது. ஒரே உயிருக்கு இரண்டு ஆவணங்கள் இரண்டு இனம் வகுத்த நாட்டில் வாழ்ந்தவர், பின்னணி நொடிக்கு நொடி மாறும் உலகத்தை வரைந்தார். ஆணென்றும் பெண்ணென்றும் அடைக்க முடியாத உயிரை அதன் நடுவே நிறுத்தினார். மனிதர் வகுத்த எல்லைகள் இயற்கையின் எல்லைகள் அல்ல என்ற உணர்வு அப்பக்கங்கள்தோறும் ஊடுருவி நிற்கிறது.

பிற்காலச் சித்திரக்காரருள் 'பீனட்ஸ்' தொடரை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் போன்றோர் ஹெரிமனைத் தம் முன்னோடியாகப் போற்றினர். அழியும் தாளில் அச்சான அப்பக்கங்கள் பின்னர்த் தொகுக்கப்பெற்று நூல்களாயின. 1946ஆம் ஆண்டில் வந்த முதற்பெருந் தொகுப்புக்கு முன்னுரை வழங்கியவர் கவிஞர் ஈ. ஈ. கம்மிங்ஸ். தம் பிறப்பை எவரிடமும் வெளிப்படையாகப் பேச முடியாதபடி ஹெரிமனைச் சட்டமும் சமுதாயமும் தடுத்தன. பூனையின் தலையில் நாள்தோறும் விழுந்த செங்கல்லை எவரும் தடுக்கவில்லை. அதனை வெறுப்பாக ஏற்க மறுத்த அப்பூனையின் கிறுக்குத்தனமே, ஹெரிமன் அமெரிக்க மக்களுக்கு விட்டுச் சென்ற செல்வமாகும்.